நூற்றுப் பதினோரு உறைகளும் ஒரு கிறுக்கலும்

ஆர்லிஸின் கையெழுத்தைப் பற்றி ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. மின்னசோட்டாக்காரர்கள் முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தையும் சொல்ல மாட்டார்கள். "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அவர்கள் வாயிலிருந்து வரக்கூடிய வசவிலேயே பெரிய வசவு அதுதான். போன கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பிய வாழ்த்து அட்டைகளில் நான்கு, யாருக்கென்று புரியாமல் அவள் வீட்டுக்கே திரும்பி வந்தன.

அதனால் கல்யாணம் நிச்சயமானதுமே மகள் பிரிட்டா முந்திக்கொண்டாள். "அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பத்திரிகை உறையில நீ பேனா வைக்காதே." சொன்னதோடு நிற்காமல், காகிதம் வெட்டுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேனாவைச் செருகினால், கம்ப்யூட்டரில் இருக்கும் விலாசத்தை அது முத்து முத்தாக எழுதித் தள்ளுமாம். காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"லவோன் பெரியம்மா வந்தாகணும். அவங்க வராம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

லவோன் ஆர்லிஸின் அக்கா, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தால் வந்த வினை. சர்ச் விருந்துக்குச் சமைத்து எடுத்துப்போகிற பெண்கள், பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவைப்பார்கள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, அம்மாவின் நீலப்பூப் போட்ட பாத்திரத்தில்தான் ஆர்லிஸ் சமைத்துப் போயிருந்தாள். சாப்பாடு முடிந்து கழுவப் போன லவோன் அதைக் கவிழ்த்தாள். அடியில் புது டேப், அதில் தங்கையின் பெயர்.

"அம்மாவைப் புதைச்சு ரெண்டு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள பேர் ஒட்டிட்டியாடி?"

பாஸ்டர் உட்பட நாற்பது பேர் காதில் விழுந்தது. லவோன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அடுத்த ஞாயிறு முதல் எதிர்வாடையில் இருக்கும் இன்னொரு லூத்தரன் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். அதே சாமி, அதே பாட்டுப் புத்தகம். நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான்.

சரி, மெஷினுக்கு வருவோம். உறையின் மூடியைத் திறந்து, பசை தடவிய விரிப்பில் ஒட்டி, வாய்க்குள் கொடுக்க வேண்டும். முதல் உறை பாஸ்டருக்கு. மெஷின் ரீங்காரமிட்டுக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்து உறையைத் துப்பியது. ஆர்லிஸ் கத்தியைக் கழற்ற மறந்திருந்தாள். பாஸ்டர் பெயர் முழுக்க ஓட்டை ஓட்டையாக வெட்டுப்பட்டிருந்தது.

"நல்லதுதான்" என்றான் கணவன் டுவேன், காபிக் கோப்பையோடு நின்றபடி. "பாஸ்டர் உறையைப் பிரிக்காமலே ஜன்னல் வழியா படிச்சுக்கலாம்."

"நீ வாயை மூடிக்கிட்டு ஸ்டாம்பு ஒட்டு."

உறைகள் மொத்தம் நூற்றிருபது, பெயர்கள் நூற்றுப் பன்னிரண்டு. ஓட்டை விழுந்தது ஒன்று, விரிப்பிலிருந்து உரிக்கும்போது கிழிந்தது நான்கு, தலைகீழாக எழுதியது மூன்று. இரண்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு நூற்றுப் பதினோரு உறைகள் ராஜகுமாரி எழுதியது போல அடுக்கில் இருந்தன. மிச்சம் ஒரே உறை, ஒரே பெயர். லவோனை வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். காத்திருக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு!

கடைசி உறையை ஒட்டிப் பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர், தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகவும் சற்றுப் பொறுக்குமாறும் சொல்லிவிட்டு உறைந்து நின்றது. ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை. ஆர்லிஸுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மெஷினுக்கே லவோனைப் பிடிக்கவில்லை பார்! மளிகைப் பட்டியல் எழுதுகிற பேனாவை எடுத்து, நின்றபடியே அக்காவின் பெயரையும் விலாசத்தையும் கிறுக்கினாள். முழங்கை பட்டு ஓரத்தில் காபி சிந்தியது. துடைக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"லவோனோடது எப்படி எழுதினே?" என்று கேட்டான் டுவேன்.

சொன்னாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஊருக்கெல்லாம் பூப்போட்ட எழுத்து, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் கோழி கிளறினதா? அவமானப்படுத்தறேன்னு நினைச்சுக்க மாட்டாளா? இவ வரமாட்டா, பிரிட்டா உள்ள கால் வைக்கமாட்டா. போ, மாப்பிள்ளை தனியா நிக்கட்டும்."

ஆர்லிஸ் செருப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடினாள். தபால்காரன் ராண்டி அப்போதுதான் பெட்டியைத் திறந்து காலி செய்துகொண்டிருந்தான்.

"ராண்டி, ஒரே ஒரு உறை. எடுத்துக் குடுத்துடு."

"பெட்டிக்குள்ள விழுந்தா விழுந்ததுதான் ஆர்லிஸ். இனிமே அது சர்க்கார் பொறுப்பு."

"என் அக்காவுக்குப் போறதுதான்ப்பா!"

"அக்காவுக்குப் போகணும்னுதானே போட்டே? போயிடும்." மேலாக இருந்த உறையை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இதானா? வேற யாராவது இருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க. எனக்கு இப்போ உன் எழுத்து பழகிப்போச்சு. நாளைக்குக் காலைல நானே கையில குடுத்துடறேன். கவலைப்படாம போ."

அடப்பாவி, இத்தனை வருடம் இல்லாத அக்கறை இன்றைக்குத்தானா வர வேண்டும்!

பதில் அட்டைகள் வரத் தொடங்கின. மாப்பிள்ளையின் தூரத்து உறவெல்லாம் வருகிறோம் என்று எழுதியது. லவோனிடமிருந்து மட்டும் மூச்சில்லை. பிரிட்டா தினமும் போனில் கேட்டாள். ஆர்லிஸ் தினமும் தபால் மேல் பழியைப் போட்டாள். அக்காவுக்குப் போன் செய்ய எடுப்பாள், வைப்பாள். காரில் அவள் வீட்டு வழியாக மெதுவாகப் போவாள், ஜன்னல் திரை அசைந்தால் வேகமெடுப்பாள். ஒருநாள் கடைவாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். பாத்திரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவள் வந்தால் போதும் என்று இருந்தது.

பதிலுக்குக் கெடு வைத்திருந்த கடைசி நாள் பகலில் கதவு தட்டப்பட்டது. வாசலில் லவோன். கையில் அந்த நீலப்பூப் பாத்திரம். அதில் ஆவி பறக்க, கறியும் காயும் கலந்து சுட்ட ஹாட்டிஷ், மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு அடுக்கியது.

"உள்ள வரல. குடுத்துட்டு இப்படியே கிளம்பறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.

லவோன்தான் ஆரம்பித்தாள். "எங்க சர்ச்ல ஒன்பது பேருக்குப் பத்திரிகை வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை காபி குடிக்கும்போது எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தோம். ஒன்பதுலயும் ஒரே வளைவு, ஒரே சுழி. மெஷின்தான்னு கூட இருந்த இடா கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் நான் என்னோடதை எடுத்து வச்சேன்."

"வித்தியாசமா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களே" என்றான் டுவேன்.

"சொன்னாங்க. வயித்தெரிச்சல்ல சொன்னாங்க. எனக்கு மட்டும்தானே இவ கையால எழுதியிருந்தா."

ஆர்லிஸின் முகம் வெளுத்தது. சொல்லிவிடாதே என்பதுபோல டுவேன் இரண்டு தடவை இருமிப் பார்த்தான். அவளால் அடக்க முடியவில்லை.

"லவோன், உண்மையைச் சொல்லிடறேன். மெஷின் நின்னுபோச்சு. அதனாலதான் நான்..."

லவோன் பாத்திரத்தைத் துணியோடு பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். "அடியில பாரு."

ஆர்லிஸ் குனிந்து, கழுத்தை வளைத்துப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய டேப், ஓரம் மஞ்சளாகி அப்படியே இருந்தது. அதில் அவளுடைய கோணல் எழுத்தில் அவளுடைய பெயர்.

"ஒவ்வொரு தடவை கழுவும்போதும் இது நனையாமப் பார்த்துக்கிட்டேன்" என்றாள் லவோன். "சண்டை போட்டுட்டேன். உன்னோடதுன்னு என்கிட்ட இருந்தது இது மட்டும்தானேடி. மெஷின் நின்னா என்ன, ஓடினா என்ன? எழுதினது உன் கைதானே? சீக்கிரம் தட்டை எடு, எனக்குக் கை வலிக்குது."

ஆர்லிஸ் அழுதுகொண்டே மூன்று தட்டு எடுத்தாள். லவோன் வழக்கம்போல உப்புப் போட மறந்திருந்தாள். டுவேன் உப்புக் குப்பியைத் தேடிக் கை நீட்டினான். ஆர்லிஸ் மேசைக்கடியில் அவன் காலை மிதித்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.