முதுகுக்குப் பின்னால் ஒரு வாக்கு

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் மீனவர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு வாக்குப்பெட்டி கிடையாது. போட்டியிடும் இருவரும் கடலைப் பார்த்து நிற்பார்கள். சனம் விரும்பியவரின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். எல்லோரும் கலைந்த பிறகுதான் அவர்கள் திரும்பலாம். யார் எங்கே நின்றது என்று எவரும் சொல்லவும் மாட்டோம். பிறகு பகை வரக்கூடாதாம்.

தொண்ணூற்று நான்கில் என் மனுசன் லோறன்ஸும் வின்சன் அண்ணையும் போட்டியிட்டார்கள். சீதனப் படகு என் பெயரில் இருந்ததால் எனக்கும் ஒரு வாக்கு. செயலாளராக இருந்தபோதே லோறன்ஸ் மண்ணெண்ணெய்க்கு அனுமதி கேட்டு வவுனியா வரை அலைந்தவர். கிழமைக்கு ஒருநாள் வீட்டில் கண்டால் பெரிய காரியம். தலைவரும் ஆகிவிட்டால்? பேசாமல் போய் வின்சன் அண்ணையின் பின்னால் நின்றேன்.

லோறன்ஸ் ஒரே ஒரு வாக்கால் வென்றார்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து என் தோளில் கை வைத்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"கலிஸ்ரா, நீ என்ர பின்னால நிண்டிருக்காட்டில் கதை கந்தலாகியிருக்கும்."

"ஓம்," என்றேன்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"கூட்டமாம். நீ சாப்பிட்டிட்டுப் படு."

ஊற்றி வைத்திருந்த இரண்டு தேத்தண்ணியையும் நானே குடித்தேன்.