பின்தெருவுக்குத் தெரியாத பேஜ்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சிறு வியாபாரிகள் சங்கம் ஒன்று தன் ஆண்டு மலருக்கு என்னிடம் எழுதக் கேட்டது. சமூக ஊடகம் சின்னக் கடைகளையும் சாதாரண ஜனங்களின் அரசியலையும் எப்படித் தூக்கிவிடுகிறது என்று உற்சாகமாக எழுத வேண்டுமாம். "உதாரணத்துக்கு நீங்க எங்கயும் அலைய வேண்டாம், உங்க வீட்டிலயே இருக்கே" என்றார் செயலாளர். இருக்கிறதுதான். கீழ்வீட்டு அடுக்களையில் முட்டை அடித்துக்கொண்டிருக்கிறாள். என் அண்ணி.

ஆரம்பித்துப் பார்த்தேன்.

'கையில் ஒரு போன் இருந்தால் போதும், எவரும்

'விளம்பரம் செய்ய வசதியில்லாத ஒரு பெண் தன் அடுப்படியிலிருந்தே

'ஜனநாயகம் என்பது இன்று

கடைசி வரியில் எனக்கே கொட்டாவி வந்தது. (இவற்றில் எதுவும் பொய்யில்லை. அதுதான் தொந்தரவு. பொய்யென்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.) கட்டுரைக்கு ஒரு சௌகரியம் உண்டு, சந்தோஷமான இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கோ அதற்குப் பிறகு நடந்ததும் தெரியும். ஆகவே கதை. நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி நல்லவளாக வருவாளா என்று சந்தேகப்படுகிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

2

அண்ணியின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவள் கேக்கக்கா. அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு, அவள் சமூக ஊடகத்தில் ஒரு பேஜ் தொடங்கி, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, கிரீம் பூசிக்கொண்டே லைவில் பேச ஆரம்பித்தாள். "தங்கங்களா, கோவத்தோட கிரீம் பூசக் கூடாது, மேடு பள்ளமாயிடும். மாமியார்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தீங்கன்னா மொதல்ல பாத்திரம் கழுவுங்க, அப்பறமா கேக்கைத் தொடுங்க." ஜனம் இதற்கு விழுந்தது. கண்காணாத ஊர்களில் இருப்பவர்கள் இங்கிருக்கும் தங்கள் அம்மாவுக்கும் அக்கா பிள்ளைக்கும் கேக் ஆர்டர் செய்தார்கள். அண்ணன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தான். எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பெரிந்தது என்றால் அந்த பேஜால்தான். இதை நான் எந்தக் கட்டுரையிலும் அடித்துச் சொல்வேன்.

அவளிடம் ஒரு கறார் உண்டு.*

* நல்ல கதைசொல்லி இதைக் கடைசிவரை ஒளித்துவைப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேண்டாமென்றால், ப்ளாக். பேரம் பேசினால், ப்ளாக். பெயர் எழுதிய கேக்கை வேறு யாருக்கு விற்பது என்பாள், நியாயம்தான். ப்ளாக் ஆனவர் தேடினால் பேஜ் அகப்படாது. ப்ளாக் செய்தாள் என்று அவருக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

3

எங்களுக்குப் பின்னால் ஒரு தெரு. கொஞ்சம் தாழ்ந்த தரை. அதன் கோடியில் கழிவுநீர் பம்ப் அறை. பம்ப் பழுதான வருஷம், மழை பெய்ததும் சாக்கடை முதலில் பின்தெருவுக்குள் போனது, பிறகு எங்கள் அடுக்களைக்கு வந்தது. மனு கொடுத்துப் பார்த்தோம். "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது, யாருக்கு ஆவன என்று தெரியவில்லை.

அண்ணி கணுக்கால் தண்ணீரில் நின்று லைவ் போட்டாள். கையில் செய்து முடித்த கேக். "இந்தத் தண்ணில நின்னு செஞ்ச கேக்கை உங்க புள்ளைக்கு ஊட்டுவீங்களா? நான் ஊட்ட மாட்டேன்." கேக்கைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவ்வளவுதான் வீடியோ. அதை ஊர் உலகமே பகிர்ந்தது. மறுநாளே அதிகாரிகள் கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள், வாடகை மோட்டார் வந்தது, தண்ணீர் வடிந்தது.

(கட்டுரை இங்கே முடிகிறது. செயலாளர் கைதட்டுகிறார்.)

வாடகை மோட்டாரைத் திரும்ப எடுத்துப் போனார்கள். புது பம்ப் வேண்டுமென்றால் கவுன்சிலர் சபையில் கேட்டு வாங்க வேண்டும், எங்கள் கவுன்சிலர் கேட்பதாயில்லை. தேர்தல் வந்தது. "நீயே நில்லுக்கா" என்றது எங்கள் தெரு. நின்றாள். அவளுக்கு வேண்டியது பம்ப், வேறொன்றுமில்லை. பம்ப் வராவிட்டால் அடுத்த பெரிய மழையில் அடுக்களை போய்விடும், அடுக்களை போனால் எங்கள் பிழைப்பும் போய்விடும்.

4

பணமில்லை, கட்சியில்லை, கொடியில்லை. பேஜ் மட்டும்தான். தினம் கேக் பூசிக்கொண்டே வார்டு நிலவரம் பேசினாள். திரையில் இதயங்கள் குமிழ்விட்டுக்கொண்டே இருந்தன. எதிரே நின்றவர் பழைய கவுன்சிலர், 'மெம்பர்' என்றால்தான் தெரியும். அவருக்கு பேஜெல்லாம் கிடையாது. எந்தச் சாவு வீட்டிலும் முதலில் போய் நாற்காலி போடுகிற மனிதர்.

"வீடு வீடா ஒருதடவ போயிட்டு வந்துடலாமே" என்றான் அண்ணன்.

"எதுக்குங்க? எல்லாரும் லைவ்ல பாத்துட்டுத்தான இருக்காங்க" என்றாள் அண்ணி.

கடைசி வாரத்தில் அவன் நச்சரிப்பு தாங்காமல் பின்தெருவுக்குப் போனோம். முதல் வீட்டில் ஒரு நர்ஸ், சீருடையில், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது.

"வாங்கம்மா. எலெக்‌ஷன்ல நிக்கறீங்களாமே, கேள்விப்பட்டேன். நல்லது. தொழில் போயிடுச்சேன்னு சோர்ந்து உக்காராம இப்படி ஒண்ணுல எறங்கினீங்களே."

"தொழில் போயிடுச்சா?"

"உங்க பேஜைத் தேடித் தேடிப் பாத்தேன், காணோம். அந்தச் சாக்கடை வீடியோகூட எனக்கு வரல. மூடிட்டீங்க போலன்னு நெனச்சேன். ரோட்ல பாக்கறப்பக் கேக்கச் சங்கடமா இருந்துச்சு."

அண்ணியின் கண்களில் ஒரு மின்னல்

வேண்டாம். மின்னலெல்லாம் இல்லை. அவள் "ம்ம்" என்றாள், "வரேங்க" என்றாள், வீட்டுக்கு வந்து மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

5

அன்று மத்தியானம் ப்ளாக் ஆனவர்களைத் திறந்து பார்த்தோம். நான் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர், ஸ்கூல் வேன் டிரைவர், தண்ணீர் கேன் போடுகிறவரின் மனைவி, பின்தெருவில் கிட்டத்தட்ட எல்லா வீடும். யோசித்தால் இது நடந்தே தீர வேண்டியது. தூரத்தில் இருப்பவர் முன்பணம் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். பக்கத்தில் இருப்பவர்தான் பேரம் பேசுவார், வாய்வார்த்தையில் ஆர்டர் சொல்வார், வேண்டாமென்றும் சொல்வார். அண்ணி வடிகட்டி வடிகட்டி, தனக்கு ஓட்டுப் போட முடியாதவர்களை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள்.

"எல்லா ப்ளாக்கையும் எடுத்து விட்டுடு" என்றாள். எடுத்துவிட்டேன்.

"நான் போயி அந்த நர்ஸம்மாகிட்ட உண்மையச் சொல்லப்போறேன்."

"அண்ணி, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அவங்களுக்குத் தெரியாது. உங்கமேல பாவப்பட்டு ஓட்டுப் போடுவாங்க. பேசாம இருங்க."

"பாவப்படறாங்கல்ல. அதான்."

(இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நாத்தனாராக இருந்து இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.)

6

மறுநாள் போனோம். நர்ஸம்மா வாசலிலேயே நின்று கேட்டார்.

"பேஜை நான் மூடலைங்க. உங்களைத்தான் ப்ளாக் பண்ணியிருந்தேன்."

"என்னையா? எதுக்கு?"

"உங்க புள்ளை பொறந்தநாளுக்குக் கேக்கு சொல்லிட்டு, அன்னிக்குச் சாயங்காலம் வேண்டாம்னீங்கல்ல."

இங்கே ஒரு காரணம் எழுதினேன். குழந்தை செத்துப்போயிருந்தது. எழுதியதும் வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். கண்ணீருக்காக ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு நான் இன்னும் மோசமாகவில்லை. அவர் உண்மையில் சொன்னது இதுதான்:

"டபுள் டியூட்டி போட்டுட்டாங்கம்மா அன்னிக்கு. 'இன்னிக்கு வேண்டாம்'னு போட்டேன். அடுத்த மெசேஜ்ல 'நாளைக்குக் காலைல நானே வந்து வாங்கிக்கறேன், நாளைக்கு வெட்டிக்கறோம்'னு போட்டேன். அது போகவே இல்ல. நீங்க போனை மாத்திட்டீங்க போலன்னு நெனச்சேன்."

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னிச்சிடுங்க என்றாள், ரெண்டு தடவை.

"சரிம்மா. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

கதவை அவர் அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்திருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் பேச்சு பரவி, பின்தெரு முழுக்க போனை எடுத்துத் தேடிப் பார்த்தது. இத்தனை நாள் இல்லாத பேஜ் பளிச்சென்று வந்து நின்றது. தன்னையும் ப்ளாக் செய்திருந்தாள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் புரிந்தது. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. மெம்பர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார், அதுவும் டீக்கடையில்: "பக்கத்து வீட்டு மூஞ்சியே வேணாம்னு வெச்ச பொண்ணு, வார்டைப் பாத்துக்குமாய்யா?"

7

தோற்றாள்.

வித்தியாசம் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். அதிகமில்லை. பேஜில் வெளியூர் ஆட்கள் கதறினார்கள். 'எங்க மனசுல நீங்கதான்க்கா கவுன்சிலர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"கதையிலயாவது என்னை ஜெயிக்க வையேன். உன் கையில இருக்கறதுதான?" என்றாள். எழுதிப் பார்த்தேன். புது பம்ப் வருகிறது, மாலை போடுகிறார்கள், அண்ணி பம்ப் வடிவத்தில் கேக் வெட்டுகிறாள். அவளே படித்துவிட்டு "சீ" என்றாள்.

இன்னொன்று: பின்தெரு மனமிளகி வந்து ஆர்டர் கொடுக்கிறது. அப்படி யாரும் வரவில்லை. என்னை நம்பாவிட்டால் அண்ணனைக் கேளுங்கள், அவன் வண்டி அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மற்றொன்று: அண்ணி பேஜை அழித்துவிடுகிறாள். இதுதான் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அழித்தால் நாங்கள் எதைச் சாப்பிடுவது? நேற்றுக்கூட லைவ் போட்டாள். தங்கங்களா என்றாள். குரல் அப்படியேதான் இருந்தது.

8

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் நழுவிவிடுவார். நான் கொடுக்கப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். நடுவில் எங்காவது அண்ணிக்காக உச்சுக்கொட்டியிருப்பீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எங்கள் வார்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை.

ஓட்டுள்ளவர் பின்தெரு முதல் வீட்டில் இருக்கிறார். இதுவரை எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். வேண்டாம்னா கிழிச்சிடறேன். முடிவு எப்படி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். "படிக்கறேன்" என்றார்.

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி தினமும் வேறெதையோ கேட்பது மாதிரி வந்து, "அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்கிறாள். இல்லை என்கிறேன். டியூட்டி அதிகமா இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டு இறங்கிப் போகிறாள்.

சங்கத்துக்குக் கட்டுரை அனுப்பிவிட்டேன், மூன்றாம் பகுதியில் கைதட்டல் வரும் இடத்தோடு நிறுத்தி. இப்போது மழை பிடித்திருக்கிறது. பின்தெருவில் யாரோ வாசலில் மணல் மூட்டை போடச் சொல்லிக் கத்துகிறார்கள். அண்ணி கீழிருந்து கூப்பிடுகிறாள், மாவையெல்லாம் மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். போகிறேன்.