குணமான ஆள் ஒருத்தரைக் காட்டுங்க

“இங்க குணமான ஆள் யாரு? ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்.”

கோரின் கேட்டது அவ்வளவுதான். அவித்த பீன்ஸை அள்ளிக்கொண்டிருந்த கரண்டிகள் அப்படியே நின்றன. அதை மட்டும் கேட்டுவிடாதே என்று காரில் வரும்போதே பெர்னிஸ் அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு வேணா கேளு. புருஷன் ஏன் ஓடிப்போனான்னு வேணா கேளு. இதைக் கேட்டுத் தொலைக்காத.”

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுவது உண்ணிச் சங்கம். மான் உண்ணி கடித்து லைம் நோய் வந்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். தலைவி, கோரினின் அப்பாவுக்கு அக்காவான பெர்னிஸ். சங்கத்துக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு. மாத்திரை சாப்பிடும்போது உடம்பு மோசமானால் உள்ளே கிருமி சாகிறது, ஆகவே கொண்டாடு. புதிதாக ஒரு கோளாறு வந்தவர் மூலையில் தொங்கும் பழைய தீயணைப்பு மணியை அடிக்கலாம். கைதட்டலும் உண்டு, நடுவில் கிரீம் வைத்த சாக்லேட் கேக்கும் உண்டு. போன வாரம் வலது பாதம் மரத்துப்போய், லாரியைத் தன் கோழிக்கூண்டுக்குள்ளேயே விட்ட டுவைனுக்கு இரண்டு கேக் கொடுத்தார்கள். கோழிகளுக்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இன்றைக்குக் கோரின் மணி அடிக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. எதைப் பார்த்தாலும் கோரினுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. குனிந்து நிமிர்ந்தால் உலகம் இருண்டு, பிறகுதான் திரும்பி வந்தது. காதுக்குள் இதயத் துடிப்பு உஸ் உஸ் என்று இரைந்தது. காலையில் இதைச் சொன்னபோது அத்தை அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். “என் தங்கமே! கொத்துக் கொத்தா சாகுதுடி!”

மரங்களை அளக்கும் வேலையாகக் காட்டுக்குப் போனபோது அவளை உண்ணி கடித்தது. மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், முடித்தால் போதும் என்றார். சங்கம் போதாது என்றது. ஆளாளுக்குத் தோட்டத்தில் மிஞ்சிய சுரைக்காயைத் தலையில் கட்டுவதுபோல், வீட்டு அலமாரியில் மிஞ்சிய அதே மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான கோரின் அத்தனையையும் வாங்கி விழுங்கினாள். அந்த வெட்கம் இப்போது கோபமாகியிருந்தது.

மத்தியானம் சுகாதார நிலையத்துக்கு அவளே போன் செய்திருந்தாள். செவிலியின் குரல் சட்டென்று மாறியது. “மாத்திரையை உடனே நிறுத்தும்மா. மூளையைச் சுத்தி அழுத்தம் ஏறியிருக்கலாம், இந்த மாத்திரைக்கு அப்படி ஆகறது உண்டு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. விட்டா பார்வையே போயிடும்.” சாலை இரண்டாகத் தெரிகிறவள் எப்படிக் கார் ஓட்டுவது? அத்தை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, “கூட்டம் முடியட்டும், நானே கொண்டுவிடறேன்” என்றாள். கூட்டமோ முடிகிற வழியாக இல்லை.

“குணமானவங்க சங்கத்துக்கு எதுக்குடி வரப்போறாங்க?” என்றாள் அத்தை இப்போது. ஒரு அத்தையையே தாங்க முடியாது, எதிரே இரண்டு பேர்.

“அப்ப வெளியில இருக்காங்களா?”

“வெளியில இருக்கறவங்க குணமாயிட்டதா நினைச்சிட்டிருக்காங்க.”

“எனக்கு மோசமானா?”

“கிருமி சாகுது.”

“நல்லானா?”

“கிருமி பதுங்கியிருக்கு.”

“நானே செத்துட்டா?”

“ஒண்ணு விடாம எல்லாம் செத்துருச்சுன்னு அர்த்தம்,” என்றான் டுவைன். அவன் கேலி பேசவில்லை.

“ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா போதும், திமிரு தலைக்கு ஏறிடும்,” என்றாள் அத்தை. “போய் மணிய அடி. கேக்கைத் தின்னு.”

கோரின் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். பெயர், இடம், கண்ணின் நிலைமை எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டுவைனின் இடுப்பில் பேஜர் அலறியது. ஊர் ஆம்புலன்ஸின் தொண்டர் ஓட்டுநர் அவன்தான்.

அவன் கண்ணைச் சுருக்கிப் படித்தான். “தீயணைப்பு நிலையக் கூடம். இளம்பெண், பார்வைக் கோளாறு.” கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். “இங்கதான். யாரு அது?”

“நான்தான்யா.”

“எதிர்லயே உக்காந்திருக்கேன், என்கிட்ட வாயால கேட்டா ஆகாதா?”

“சாயங்காலம் பூரா வேற என்ன கேட்டேன்?”

அழைப்பு வந்தால் போயே ஆகவேண்டும். டுவைன் எழுந்தான், தள்ளாடினான், உட்கார்ந்தான். “எனக்குப் பாதம் தரையில இருக்கறதே தெரியலையே. பிரேக் எதுன்னு எப்படித் தெரியும்?”

பழக்க தோஷத்தில் யாரோ கை தட்டினார்கள்.

அப்போது மேசைக் கடைசியில் இன்னொரு பேஜர் கத்தியது. மாற்று ஓட்டுநரான வெண்டெல் கிழவருடையது. கைத்தடியை ஊன்றி, பல்லைக் கடித்து, சங்கத்துக்கு வருபவர் அவர். விறுவிறுவென்று எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எட்டி எடுத்தார். தடி நாற்காலியிலேயே கிடந்தது.

“வெண்டெல்!” என்றாள் அத்தை. “தடி!”

கிழவர் முகம் தக்காளியாகச் சிவந்தது. “பனி உருகறப்பவே சரியாயிடுச்சும்மா. டாக்டர் கொடுத்ததை முடிச்சேன், அவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்து நடிச்சீங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம் வேற எங்க போறது? பீன்ஸ் வேற நல்லா இருக்கும்.”

எல்லோரும் அவரை நிஜமான துக்கத்தோடு பார்த்தார்கள். “பாவம், மனுஷனுக்கு முத்திப் போச்சு,” என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். டுவைன் தன் கேக்கை அவர் பக்கம் தள்ளினான்.

கோரின் மிச்சமிருந்த மாத்திரை டப்பாக்களை அள்ளிக் கோட்டுப் பையில் போட்டாள்.

“அதை எங்கடி தூக்கிட்டுப் போற?”

“டாக்டர்கிட்ட காட்ட.”

“என் தம்பி மவ என்னையே நம்பலைன்னா நாளைக்கு இந்தச் சங்கத்துல எவ நம்புவா? உக்காருடி!”

“மத்தியானமே முடிவு பண்ணிட்டேன் அத்தை. உங்க கார் வேணும்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். இப்ப அதுவும் வேணாம்.”

கதவைத் தள்ளி வெளியே வந்தாள். முற்றத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. இரண்டு வெண்டெல்கள் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். கோரின் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மிஞ்சிய வண்டியை நோக்கி நடந்தாள்.