நுரையீரலுக்கு ஏறிய புழு

திருத்துறைப்பூண்டி பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடும் வேம்புக்கு மருந்துக்கடை மாத்திரை மேல் அப்படியொரு நம்பிக்கை. மூட்டுவலிக்கு ஒன்று விழுங்கினால் போதும், நாளெல்லாம் குனிந்து நாற்று நடலாம். மாதக்கணக்கில் விழுங்கினாள். பிறகு வயிறு பிசைந்தது, மூச்சு வாங்கியது, ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. பதறிப்போன ரெத்தினம், மனைவியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நிமோனியா என்று ஊசி போட்டார்கள். நோய் கேட்கவில்லை. ரெத்தினம் வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டார். உள்ளே வேம்பு, களத்தில் காயும் நெல்லை யார் அள்ளுவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஜெயபாரதி நேராகக் கட்டிலருகே வந்தார். வேம்புவின் சளியை மைக்ராஸ்கோப்பில் அவரே பார்த்திருந்தார்.

"உங்க சளியில புழு நெளியுதும்மா. வயலுக்கு வெறுங்கால்லயா போவீங்க?"

"சேத்துல செருப்போட எப்படி எறங்குறது?"

"வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களா? மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

வேம்பு தலையணைக்கடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு. அந்தப் புழு கால் தோல் வழியா உள்ள போயி, வருஷக்கணக்கா குடல்ல சும்மா கெடந்திருக்கு. உங்க உடம்பே அதை அடக்கி வச்சிருந்துச்சு. இந்த மாத்திரை உடம்போட எதிர்ப்புசக்தியைக் கொறைச்சிருச்சு. புழு பெருகி, குடலை விட்டுக் கெளம்பி நுரையீரலுக்கு வந்துருச்சு."

புழுவுக்கு மருந்து தொடங்கினார்கள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. பேச முடிந்ததும் வேம்பு பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாளைத்தான் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் அதே மாத்திரைதானே போடுறீங்க? ஒடனே பஸ் ஏறுங்க. நீங்களா பட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்தாம்."

"எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்று முணுமுணுத்தாலும் பிரகதாம்பாள் வந்தாள். சோதித்ததில் அவள் குடலிலும் அதே புழு. இன்னும் எங்கும் பரவவில்லை. மருந்திலேயே சரியாகிவிட்டது.

வீட்டுக்குப் புறப்படும்போது வேம்பு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு உசுரைக் காப்பாத்திட்டீங்க, தாயி."

"நான் கேட்டேன். நீங்க மறைக்காம சொன்னீங்க."

"கேக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சே, அதுக்குத்தான் சொல்றேன்."

பழைய பஸ் ஸ்டாண்டு அருகே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கினார்கள். பிரகதாம்பாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். வேம்பு சத்தம் போட்டுச் சிரித்தாள். இருமல் வரவில்லை. ரெத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.