செவலையின் பங்கு

ஆரப்பாளையத்துச் சந்தில் எந்த வீட்டில் அரிசி களைந்தாலும் அந்தக் கழுநீர் சோலையம்மாளின் கல்தொட்டிக்குத்தான் வரும். காய்த்தோல், வடித்த கஞ்சி, பந்தியில் மிஞ்சிய சோறு எல்லாம் அவளுடைய செவலைப் பசுவின் பங்கு. அந்தப் பசுவின் பாலில்தான் அவள் பிழைப்பு ஓடியது. கழுநீர் ஊற்ற வரும் பெண்கள் தொட்டியடியில் நின்று கதை பேசுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சோலையம்மாள்தான் அந்தச் சந்துக்கே ராணி.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, விறகு விலை ஏறிப்போனது. எதிர்வீட்டுத் தகரப்பட்டறை ஜலீல், பம்பாயில் எங்கோ பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, கொல்லையில் குழி வெட்டி, மேலே ஒரு தகரப் பீப்பாயைக் கவிழ்த்து, குழாய் ஒன்று வைத்தான். மிச்சம் மீதியைக் குழியில் கொட்டினால் அது ஊறிப் புளித்து, ஒரு காற்று பீப்பாய்க்குள் ஏறியது. குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொண்டது.

சந்தே அங்கே போய் நின்றது. கழுநீரும் கூடவே போனது.

"என் வீட்டுக் கழுநீர்ல டீத்தண்ணி கொதிக்குதுடி சோலை! விறகில்ல, புகையில்ல" என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள்.

"அப்ப என் மாடு எதத் திங்கும்?"

"ஆத்துல இம்புட்டுப் புல்லு கெடக்கு, ஓட்டிட்டுப் போயேன்."

செவலையின் பால் குறைந்தது. தொட்டி காய்ந்தது. சோலையம்மாளும் ஒருநாள் மனசு கேட்காமல் அந்தச் சுடரைப் பார்க்கப் போனாள். சுண்டுவிரல் உயரம்தான் இருந்தது. ஆனால் விடிகாலையில் வைகைமேல் மிதக்கும் மெல்லிய நீலம் அதில் இருந்தது. அது அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்படிக் கழிவு மட்டுந்தான் கொட்டணும். கண்டதப் போட்டா அணஞ்சு போகும்" என்று ஜலீல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சோலையம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கனலும் கரியைச் சாணிக் கரைசல் தெளித்து அணைத்தே பழகியவள் அவள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜலீல் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான்; அவன் மனைவி மைதீன் பீவி தாய்வீட்டில் இருந்தாள். சோலையம்மாள் ஒரு கூடைச் சாணியைக் கரைத்துக் குழியில் ஊற்றினாள். சுடர் அணையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கூடை ஊற்றினாள்.

பிறகு ஒரு நாள் காலையில் எதிர்வீட்டில் ஒரே கூச்சல். 'அணைந்துவிட்டது' என்று சோலையம்மாள் துள்ளிக்கொண்டு ஓடினாள். சுடர் ஒரு சாண் உயரத்துக்கு உறுமிக்கொண்டு எரிந்தது.

"யாரோ சாணி கரச்சு ஊத்திருக்காக. குழி வாயெல்லாம் அப்பிக் கெடக்கு" என்றாள் மைதீன் பீவி. "அல்லா அவுக கைக்கு பரக்கத்தக் குடுக்கணும்."

ராமக்காள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "இருக்கட்டும் பீவி, இதெல்லாம் ஒரு பெரிய காரியமா?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோலையம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"ஏண்டி ராமக்கா! உன் வீட்டுல ஆட்டுக்குட்டிகூடக் கெடையாது. எங்கிட்டிருந்துடி வந்துச்சு சாணி? அது என் செவல போட்டதுடி! ரெண்டு வெள்ளிக்கெழம நாந்தான் சொமந்துவந்து ஊத்துனேன்!"

பீவி ராமக்காளின் கையை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நீங்களா அக்கா?" என்றாள் பீவி. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம எதுக்கு ஊத்துனீக?"

"அணைக்கத்தான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஜலீல்தான் முதலில் சிரித்தான். "அப்ப தெனமும் வந்து அணச்சிட்டுப் போங்கக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சோலையம்மாள் சிரிக்கவில்லை, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாரேன். ஆனா தெருக் கழுநீர் மொதல்ல என் தொட்டிக்கு வரணும். செவல குடிச்சு மிச்சம் வச்சத, சாணியோட சேத்து நானே கொண்டாந்து ஊத்துறேன். சம்மதமா?"

ஜலீல் அந்தச் சுடரைப் பார்த்தான், காய்ந்த தொட்டியைப் பார்த்தான். "சம்மதம்" என்றான்.

பீவி அந்த நீலச் சுடரில் டீ போட்டு, முதல் தம்ளரை அவளிடம் நீட்டினாள். சோலையம்மாள் வாங்கிக் குடித்தாள். ராமக்காளுக்கு முதலில் கொடுத்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டாள்.