டோரிஸுக்கு முப்பத்திரண்டு டிகிரி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய துணி அலமாரி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. அதன் கதவுகளைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறான் என் புருஷன் டெரிக். உள்ளே உச்சியில் ஒரு பீங்கான் ஹீட்டர். இத்தனையும் ஒரு மலைப்பாம்புக்காக. பாம்பு என் அண்ணன் ரேமண்டுடையது. பெயர் டோரிஸ், வயது இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் அது என் மடியில்தான் சுருண்டு கிடக்கும்.

அண்ணன் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். அங்கே பாம்புக்கு இடமில்லை. எனக்குத்தான் தருவேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனை. காலிப் பெட்டியை ஏழு நாள் சூடாக்க வேண்டும். தினம் மூன்று வேளை, சூடான மூலையிலும் குளிர்ந்த மூலையிலும் எத்தனை டிகிரி என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். ஏழு நாளும் ஒழுங்காக இருந்தால் டோரிஸ் எங்களுக்கு. இல்லாவிட்டால் லீட்ஸ் ஊரில் முப்பது பாம்பு வளர்க்கிற யாரோ ஒரு பெண்மணிக்கு. மனிதர் நாற்பது வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் உட்கார்ந்து ரயில் போன நிமிஷத்தையெல்லாம் நோட்டில் ஏற்றியவர். அவரிடம் போய் வாதாட முடியுமா?

டெரிக் செய்த முதல் வேலையைக் கேளுங்கள். சூட்டை அளந்து ஹீட்டரை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டின் ஒயர் முனையைச் சூடான மூலையில் பொருத்த வேண்டும். ஒயர் எட்டவில்லை என்று இவன் குளிர்ந்த மூலையில் ஒட்டினான், அதுவும் செல்லோடேப்பால். அந்த முனைக்குக் குளிர் மட்டும்தான் தெரியும். ஹீட்டர் நிற்கவே இல்லை. நான் பஸ் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் உள்ளே நாற்பத்தாறு டிகிரி. பாம்பு இருந்திருந்தால் வெந்திருக்கும்.

"சுட்டா நகந்து போயிடாதா? அதுக்கு அறிவில்லையா?" என்றான்.

"போகாது. வயித்துத் தோலு வெந்தாக்கூட ஹீட்டரைச் சுத்திக்கிட்டு அப்படியே கெடக்கும். உன்ன மாதிரிதான், சொன்னா ஏறாது."

"ஒரு பாம்புக்கு இவ்வளவா, ஹேசல்? ராணிக்கு அரண்மனை கட்டற மாதிரியில்ல இருக்கு."

"ஹீட்டரச் சுத்திக் கம்பி வலை போடு. டேப்பப் பிய்ச்சுட்டு ஒயர் முனையச் சூடான மூலைக்குக் கொண்டு போயிக் கிளிப் போட்டுத் திருகு. டேப்புல பாம்பு ஒட்டிக்கிச்சுன்னா தோலு உரிஞ்சு வந்துடும்."

போட்டான். வலையின் ஓட்டை பெரிது என்று கழற்றச் சொன்னேன். திரும்பப் போட்டான். மூன்றாம் தடவை ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்துவிட்டுப் போய் டீக்குக் கெட்டிலைப் போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கும் கத்தினேன். அந்த வாரம் முழுக்க என் வாய் மூடவில்லை.

தாள் எழுதுவது மட்டும் என் வேலை. ஞாயிறு தொடங்கி எழுதினேன். சூடான மூலை முப்பத்திரண்டு, குளிர்ந்த மூலை இருபத்தைந்து. மத்தியான இடைவேளைக்கு வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிவிட்டுத் திரும்ப டிப்போவுக்கு ஓடினேன். புதன்கிழமை ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஊரைச் சுற்றி வண்டியை ஓட்டி இடுப்பு விட்டுப்போனது. மேட்டு மேல் இருக்கிற வீட்டுக்கு ஏறி வரத் தெம்பில்லை. டிப்போவிலேயே சிப்ஸ் தின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தேன், அதே முப்பத்திரண்டு. மத்தியானக் கட்டத்திலும் அதையே எழுதினேன். ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். டோரிஸ் ஒரு தலையணை உறைக்குள், முடிச்சுப் போட்டு, அவர் கோட்டுக்குள் இருந்தது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சோதித்தார். வலையை இழுத்துப் பார்த்தார். கிளிப்பை நகத்தால் நெம்பினார். ஒயர் வரும் துளைக்குள் விரலை விட்டார்.

"வேலை சுத்தமா இருக்கு, மாப்ள" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் டெரிக்கை அவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. டெரிக்குக்குக் காது சிவந்துவிட்டது.

பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

"புதன்கிழமை மத்தியானம் முப்பத்திரண்டா?"

"ஆமாண்ணே."

"அன்னிக்குப் பதினோரு மணிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் இந்த மேடு பூராவும் கரண்ட் இல்ல. நான் டோரிஸப் போர்வைல சுத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்க ஹீட்டர் எதுல ஓடிச்சு?"

டிப்போவில் கரண்ட் இருந்தது, எனக்கு எப்படித் தெரியும்? பாழாய்ப்போன அந்த ஒரு கட்டம்.

"நான்தான் எழுதினேன், மச்சான்" என்றான் டெரிக். "இவ வேலைல இருந்தா. நான் பாக்கல, சும்மா எழுதிட்டேன்."

அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நெனச்சேன். கை வேலை வேற, பொறுப்பு வேற." பையை என்னிடம் நீட்டினார். "தாள நீயே வெச்சுக்க, ஹேசலு. இவன் கைல குடுக்காத."

வாங்கிக்கொண்டேன். உறைக்குள் டோரிஸ் மெதுவாகப் புரண்டு என் மணிக்கட்டில் சாய்ந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது எனக்குத்தான். டெரிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் எழுதினதுண்ணே" என்றேன். "அன்னிக்கு நான் வீட்டுக்கே வரல. மத்த இருபது கட்டமும் பாத்து எழுதினதுதான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"இன்னும் ஏழு நாள் குடுங்க. திருப்பிச் செய்யறேன்."

"செவ்வாய்க்கிழமை வீட்டச் சாவியோட ஒப்படைக்கணும், ஹேசலு. அதுக்கப்புறம் டோரிஸ நான் எங்க வெக்கறது?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பையை என் கையிலிருந்து எடுத்துக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெரிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஏன் சொன்ன? பை உன் கைலதான இருந்துச்சு."

"ஒரு வாரமா உன்மேல நாய் மாதிரி வள்ளுவள்ளுன்னு விழுந்தேன். அந்தாளு இன்னிக்குத்தான் உன்ன ஒரு வார்த்த நல்லதா சொன்னாரு. அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"

அவன் பெட்டி முன்னால் குனிந்து சுவிட்சில் கை வைத்தான். உள்ளே முப்பத்திரண்டு காட்டியது. அணைத்தான்.