தெருமுனைக் கோலம்

காணும் பொங்கலன்று காலையிலிருந்தே வேம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே விடுமுறையில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. இவள் மட்டும் மேலத்தெரு மேளத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

தஞ்சாவூரிலிருந்து பொய்க்கால் குதிரை, கரகாட்டம், மேளம் என்று ஒரு செட்டே வந்திருந்தது. வழக்கமாக ஆட்டம் ஊரைச் சுற்றிவிட்டுக் குளத்தங்கரையோடு திரும்பிவிடும். வேம்புவின் தெருவுக்குள் அது ஒருநாளும் வந்ததில்லை. ஏன் என்று மேலத்தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்; இந்தத் தெருக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். போன வருஷம் கேட்டதற்கு, "கரண்ட் கம்பி தாழ்வா இருக்கு, ராஜா கிரீடம் இடிக்கும்" என்றார்கள். என்ன அக்கறை! வேம்புவும் அவள் புருஷன் ஐயாவுவும் கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்து கம்பியைத் தூக்கிக் கட்டவைத்தார்கள். விழாக்குழு இளஞ்செழியன், "இந்த வருஷம் கண்டிப்பா வருவோம்க்கா" என்றிருந்தான். வாய்வார்த்தைதானே, அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆனாலும் வருகிறவர்களை வெறுந்தரையிலா வரவேற்பது? தெருமுனையில், இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை கோலம் போட்டாள். சுற்றிலும் சம்பாக் கதிர், நடுவில் நீலப்பொடியில் தோகை விரித்த மயில். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. பைக்குகளை வயல்வரப்புப் பக்கம் விரட்டினாள்.

வெயில் தாழ்ந்தபோது ஆட்டம் குளத்தங்கரைக்கு வந்தது. அங்கேயே நின்று வெகுநேரம் ஆடியது. வேம்பு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"திரும்பிருவாங்களோ?"

"கொஞ்சம் பொறு" என்றான் ஐயாவு. அவன் குரலும் சரியில்லை.

திரும்பவில்லை. கட்டைக்கால்கள் டக்டக்கென்று ஒலிக்க, குதிரை ராஜாவும் ராணியும் நேராகத் தெருமுனைக்கு வந்தார்கள். வந்து, நின்றுவிட்டார்கள். மேளமும் ஓய்ந்தது. ராஜா வேஷம் கட்டிய ரெத்தினம் கீழே பார்த்தார், ஓரடி பின்வாங்கினார்.

வேம்புவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இந்த வருஷம் என்னங்க சாக்கு? கம்பியத்தான் தூக்கிக் கட்டியாச்சே!" என்று கத்தினாள்.

ரெத்தினம் திருதிருவென்று விழித்தார். வெளியூர்க்காரர், அவருக்குக் கம்பியும் தெரியாது, போன வருஷமும் தெரியாது. "சாக்கா? அதெல்லாம் இல்லம்மா. இவ்வளவு அழகா போட்டு வச்சிருக்கீங்க. கட்டைக்கால் பட்டா மயிலு போயிரும். ஒதுங்கி வரவும் எடமில்ல. எப்படிம்மா மிதிக்கிறது?"

வேம்பு கோலத்தைப் பார்த்தாள். வழியை அடைத்து வைத்திருந்தது தானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெறுங்காலோடு போய் மயிலின் கழுத்திலேயே ஏறி நின்றாள்.

"மிதிங்கய்யா! மிதிச்சுக்கிட்டு உள்ள வாங்க. அதுக்குத்தான் போட்டேன்."

தவில் மறுபடி எழும்பியது. கட்டைக்கால்களில் ஒட்டிய மயில்நீலம் தெருவின் கடைசி வீட்டு வாசல்வரை போயிற்று.